க்ரீன் டீ பழ ஸ்மூத்தி: டீயை முதல் நாள் இரவே போட்டுவிடுங்கள்

க்ரீன் டீ என்றாலே கசப்பு, அதைப் பழத்தோடு சேர்த்தால் பழமும் வீண் என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் கசப்பில் பெரும்பகுதி நாமாக வரவழைத்துக்கொள்வது. பால் டீ போட்டுப் பழகிய கை, இலையை அள்ளிப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிடும். டீத்தூளுக்கு அது சரி. பாலும் சர்க்கரையும் சேர்ந்து அந்தக் கடுமையை அடக்கிவிடும். க்ரீன் டீயில் அதை அடக்க ஒன்றும் கிடையாது. அதனால் இந்தக் கட்டுரையில் பழத்தைவிட டீயைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். பழம் நன்றாக இருப்பது தற்செயலாகவே நடந்துவிடும். டீயைக் கவனித்துப் போட்டால்தான் உண்டு.

ஸ்மூத்தி என்றதும் தனியாக ஒரு பிளெண்டர், பெயர் தெரியாத வெளிநாட்டுப் பழம், விலை உயர்ந்த விதைகள் என்று எதுவும் வாங்க ஓடாதீர்கள். வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு சாதாரண வீட்டில் இருக்கும் மிக்சியும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜும் போதும். 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மிக்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே செய்யலாம்.

வேலை முழுவதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு டீ போட்டு ஆறவைத்து, பாதியை ஐஸ் டிரேயிலும் பாதியை ஒரு பாட்டிலிலும் ஊற்றி வைக்க வேண்டும். அதே நேரத்தில் கொஞ்சம் பழத்தை நறுக்கி ஃப்ரீசரில் போட வேண்டும். மறுநாள் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வெயிலில் இருந்து வந்த கையோடு டீ போட்டு, அது ஆறும்வரை காத்திருந்து, பொறுமை போய்ச் சூடாகவே மிக்சியில் ஊற்றுவது வேலைக்கு ஆகாது. சூடான திரவத்தை மூடிய ஜாரில் அடித்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். கையும் முகமும் வெந்துபோகும்.

இலையும் தண்ணீரும்

க்ரீன் டீ என்பது வேறு செடி இல்லை. நாம் தினமும் குடிக்கும் டீத்தூள் வருகிற அதே தேயிலைச் செடிதான். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டி, கறுத்துப்போகாமல் நிறுத்திவிடுகிறார்கள். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலேயே நல்ல க்ரீன் டீ தயாராகிறது. உதிரி இலையாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். டீ பேக் என்றால் வெறும் க்ரீன் டீ பேக். தேன் எலுமிச்சை, இஞ்சி துளசி என்று வாசனை சேர்த்த பேக்குகள் இதற்கு வேண்டாம். அந்தச் செயற்கை மணம் பழத்தோடு சண்டை போடும். எலுமிச்சையும் இஞ்சியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மீஞ்சூர் தொடங்கிக் கடலோரமாகப் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. போர் தண்ணீரில் க்ரீன் டீ போட்டால் நிறம் பச்சை மஞ்சளாக இல்லாமல் பழுப்படிக்கும், மேலே மெல்லிய ஆடை படியும், சுவை மண்டியாக இருக்கும். குடிக்கிற கேன் தண்ணீரோ, காய்ச்சி வடிகட்டிய மெட்ரோ தண்ணீரோ எடுங்கள். ஐஸுக்கும் அதே தண்ணீர்தான். அவசரத்துக்கு வெளியே ஐஸ் வாங்கும் யோசனை வந்தால், காசிமேட்டுப் பக்கம் வண்டி வண்டியாகப் போகும் ஐஸ் பார் மீனுக்கானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குடிக்கிற பொருளில் போடவே கூடாது.

டீ போடுவது

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். டம்ளர் என்று சொல்லும்போதெல்லாம் 200 மில்லி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

க்ரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரிச் சூடு போதும். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் வேகமாக இறங்கிவிடும். வீட்டில் யாரிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது? அதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. நன்றாகக் கொதித்த தண்ணீர் முக்கால் டம்ளர், சாதாரணமாக வெளியே இருக்கும் குடிநீர் கால் டம்ளர். நம் ஊரில் வெளியே இருக்கும் தண்ணீரே 30 டிகிரிச் சூட்டில் இருப்பதால், இரண்டும் கலந்தால் 82 டிகிரி பக்கம் வரும். பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். 80க்குக் கீழே நின்றுவிடும். மார்கழிக் காலையில் தண்ணீர் சில்லென்று இருந்தால் குளிர்ந்த தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு டம்ளர் தண்ணீரில் உதிரி இலை என்றால் இரண்டு டீஸ்பூன், பேக் என்றால் இரண்டு. வெறும் டீயாகக் குடிப்பதற்கு இது ஸ்ட்ராங்தான். ஆனால் பழமும் சேரப்போகிறது. சாதாரண அளவில் போட்டால் டீ இருந்த இடமே தெரியாது. தட்டால் மூடி மூன்று நிமிடம். கடிகாரம் பார்த்து மூன்றே நிமிடம். பிறகு வடிகட்டுங்கள். டீ பேக்கைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள், கடைசிச் சொட்டில்தான் கசப்பு மொத்தமும் இருக்கிறது. வடிகட்டிய இலையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இன்னொரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி அப்போதே குடித்துவிடலாம், இரண்டாவது இறக்கம் இன்னும் மென்மையாக இருக்கும்.

பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வியாசர்பாடிப் பக்கம் நிறைய உண்டு. பர்மாவில் டீக்கடை மேசையில் பாலில்லாத வெறும் பச்சைத் தேநீர் பிளாஸ்க்கில் இருக்கும், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட வரிசையில் நிற்கிறோம். அதோடு போகிற அந்தத் தேநீர் மட்டும் ஏனோ நம் ஊரில் பிடிபடவில்லை. சரி, அது இருக்கட்டும்.

வடிகட்டிய டீ கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும், பாதியை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஆறேழு கட்டிகள் வரும். மீதியை மூடி போட்ட பாட்டிலில் ஃப்ரிட்ஜுக்குள். டீயையே ஐஸாக்குவதுதான் இதில் இருக்கும் ஒரே தந்திரம். வெறும் தண்ணீர் ஐஸ் போட்டால் அது உருக உருக ஸ்மூத்தி நீர்த்துப்போகும். டீ ஐஸ் உருகினால் டீதான் வரும்.

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி: அதே அளவு இலையை ஒரு டம்ளர் குளிர்ந்த குடிநீரில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜுக்குள் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டுவது. கசப்பும் குறையும், கஃபீனும் குறையும். கசப்பே ஆகாதவர்கள் இதையே பிடித்துக்கொள்ளலாம். ஐஸாக்க இன்னொரு இரவு வேண்டும் என்பதால், இதற்கு ஒரு நாள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வெளியே சமையல் மேடையில் ஊறவைக்காதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் அது சரிப்படாது.

முதல் ஸ்மூத்தி: அன்னாசி

முதல் தடவைக்கு நான் அன்னாசியைத்தான் சொல்வேன். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பழம் க்ரீன் டீயின் துவர்ப்போடு நன்றாகப் போகும். வெறும் இனிப்பான பழம் டீயை அமுக்கிவிடும். ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டைத் தள்ளுவண்டிகளிலும் அன்னாசி சுலபமாகக் கிடைக்கும். அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், மணம் வந்தால் பழுத்தது. புளித்த வாடை வந்தால் தாண்டிவிட்டது. வெட்டி மிளகாய்ப்பொடி தூவி விற்பதை வாங்கி அடிக்க முடியாது. முழுப் பழமாக வாங்கித் தோலைச் சீவித் தரச் சொல்லி, வீட்டில் வந்து கழுவி நறுக்குங்கள்.

தேவை இவ்வளவுதான்: நறுக்கிய அன்னாசி 250 கிராம், அதில் பாதி இரவே ஃப்ரீசரில் வைத்தது. டீ ஐஸ் முழுவதும். ஃப்ரிட்ஜில் இருக்கும் அரை டம்ளர் டீ. புதினா ஏழெட்டு இலை. சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி. ஒரு சிட்டிகை உப்பு. தேனோ நாட்டுச் சர்க்கரையோ ஒரு டீஸ்பூன், அதுவும் கடைசியில் ருசி பார்த்துவிட்டு.

அதற்கு முன் ஜாரை முகர்ந்து பாருங்கள். காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜாரில் அன்னாசியை அடித்தால் அன்னாசிச் சட்னிதான் கிடைக்கும். எலுமிச்சைத் தோல், கல்லுப்பு, கொஞ்சம் தண்ணீர் போட்டு ஒரு சுற்று ஓடவிட்டுக் கழுவினால் வாடை போகும். மூடியின் ரப்பரையும் கழற்றிக் கழுவுங்கள், வாடை பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜூஸுக்கென்று வரும் பெரிய ஜார் இருந்தால் அதையே இதற்கு ஒதுக்கிவிடுவது உத்தமம்.

அடிக்கும் வரிசை முக்கியம். முதலில் ஃப்ரீசரில் வைக்காத அன்னாசி, இஞ்சி, புதினா, பாட்டிலில் இருக்கும் டீ. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்து அரை நிமிடம் ஓட்டுங்கள், கூழாகட்டும். அப்புறம் உறைந்த அன்னாசித் துண்டுகள். கடைசியாக டீ ஐஸ். ஐஸ் போட்டதும் வேகத்தைக் கூட்டாதீர்கள். குமிழை இடப்பக்கம் திருப்பி, விட்டு விட்டு அடியுங்கள்: இரண்டு நொடி ஓட்டம், ஒரு நொடி நிறுத்தம். கரகர சத்தம் அடங்கியதும் பத்துப் பதினைந்து நொடி வேகமாக ஓட்டி முடித்துவிடலாம். கட்டி பெரிதாக இருந்தால் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள், பிளேடு தப்பிக்கும். ஜாரில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

நடுவில் மிக்சி சட்டென்று நின்றுபோனால் பதற வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மிக்சியின் அடியில் பாருங்கள். பெரும்பாலான மிக்சிகளில் அங்கே ஒரு சிறிய சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் அது வெளியே தள்ளிக்கொண்டு மோட்டாரைக் காப்பாற்றும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் இருப்பதில் கொஞ்சம் எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும்.

ருசி பாருங்கள். உப்பு ஒரு சிட்டிகை போட்டால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். பல நேரம் சர்க்கரையே தேவைப்படாது. இன்னும் துவர்த்தால் தேன். சப்பென்று இருந்தால் எலுமிச்சை நாலு சொட்டு. நன்னாரி சர்பத் பாட்டில் வீட்டில் இருந்தால் தேனுக்குப் பதில் அதில் ஒரு ஸ்பூன் ஊற்றிப் பாருங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

பால் சேர்க்கலாமா?

ஜூஸ் கடை மில்க் ஷேக் பழக்கத்தில் எல்லோரும் கேட்பது இது. அன்னாசியோடு கூடவே கூடாது. சமைக்காத அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பாலோ தயிரோ சேர்த்து வைத்தால் சிறிது நேரத்தில் திரியும், கசக்கவும் தொடங்கும். கசப்புக்குப் பழி டீ மேல் விழும். பால் வேண்டியே தீரும் என்றால் அன்னாசியை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்த நொதி அடங்கிவிடும், ஆனால் பச்சைப் பழத்தின் துள்ளலும் போய்விடும். அதோடு, பால் புரதம் டீயின் துவர்ப்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். டீயின் சுவை தட்டையாகிவிடும். மாம்பழ ஸ்மூத்தியில் மட்டும் இரண்டு கரண்டி கெட்டித் தயிர் சேர்க்கலாம், அது நன்றாகவே இருக்கும்.

வாழைப்பழம் பற்றி ஒரு செய்தி

ஸ்மூத்தி கெட்டியாக வர எல்லோரும் வாழைப்பழம் போடச் சொல்வார்கள். சுவைக்கு அது சரிதான். ரஸ்தாளியோ பச்சைப்பழமோ தோல் உரித்து, துண்டு போட்டு உறையவைத்து அடித்தால் ஐஸ்கிரீம் பதம் வரும். ஆனால் க்ரீன் டீயின் நன்மை வேண்டும் என்று குடிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் கறுத்துப்போகிறதே, அதற்குக் காரணமான நொதி அதில் மிக அதிகம். க்ரீன் டீயில் பெரிதாகப் பேசப்படும் கேட்டச்சின் வகைச் சத்துகளை அந்த நொதி தாக்குகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் இந்த வகைச் சத்து சேர்ந்த அளவு, அதையே மாத்திரையாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் 84 சதவீதம் குறைவு. அவர்கள் சோதித்தது க்ரீன் டீயை இல்லை. ஆனால் சத்து அதே குடும்பம்.

அன்னாசி, ஆரஞ்சு, மாம்பழம் ஆகியவற்றில் அந்த நொதி குறைவு. அன்னாசியை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் வாழைப்பழம் போட்டால்தான் குடிப்பேன் என்றால் தாராளமாகப் போட்டுக்கொடுங்கள், பழம் உள்ளே போகிறதே.

பருவம் பார்த்து மாற்றுவது

சித்திரை, வைகாசியில் மாம்பழம். ஆந்திராவிலிருந்து பங்கனப்பள்ளி இறங்கும் காலம். ஒரு நடுத்தரப் பழத்தின் சதை, மேலே சொன்ன டீ அளவு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு. எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள், மாம்பழத்தின் கனத்தில் டீ மூழ்கிப்போகும். பழம் முழுதும் ஒரே மஞ்சளாகப் பளபளத்து, முகர்ந்தால் மணமே இல்லையென்றால் வாங்காதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் நடக்கிறது.

கிர்ணிப்பழமும் தர்பூசணியும் அதே வெயில் பருவத்தின் பழங்கள். இரண்டிலும் தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் பாட்டிலில் இருக்கும் டீயை ஊற்றாமல், டீ முழுவதையும் ஐஸாக்கி அதை மட்டும் போடுங்கள். தர்பூசணிக்கு ஊறவைத்த சப்ஜா விதை நல்ல ஜோடி. ஒரு டீஸ்பூன் விதையைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டால் உப்பிவிடும். மிக்சியில் போடாமல் டம்ளரில் மேலே கலந்துகொள்ள வேண்டும்.

பன்னீர் திராட்சை கிடைக்கும்போது விடாதீர்கள். உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இதில் ஒரு சிக்கல் விதை. அது அரைபட்டால் கசக்கும். திராட்சையைத் தனியாக இரண்டு மூன்று விட்டுவிட்ட சுற்றில் மட்டும் உடைத்து, வடிகட்டி, அப்புறம் டீ ஐஸோடு சேர்த்து அடியுங்கள். கொய்யாவுக்கும் வடிகட்டி தேவை, ஆனால் அதன் விதை கசக்காது, பல்லில் மாட்டும், அவ்வளவே. சப்போட்டாவும் சீதாப்பழமும் இதற்குச் சேராது. அவை பாலுக்குப் பிறந்தவை.

யார், எப்போது குடிக்கலாம்

வெறும் வயிற்றில் க்ரீன் டீ சிலருக்குக் குமட்டும். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், அல்லது மாலை நாலு மணிக்கு நல்லது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஒரு கப் க்ரீன் டீயில் கஃபீன் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். காபியைவிடக் குறைவுதான், ஆனாலும் தூக்கம் வராதவர்கள் மாலைக்கு மேல் தவிர்க்கலாம். கர்ப்பிணிகள் நாள் முழுக்கக் குடிக்கும் காபி, டீ எல்லாம் சேர்த்துக் கஃபீன் 200 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் க்ரீன் டீ என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. உள்ளே இருப்பது ஒரு கால் கிலோ பழம். அன்னாசியைக் குறைத்து, வடிகட்டாமல், தேனும் நன்னாரியும் இல்லாமல் அரை டம்ளர் என்றால் ஒரு கணக்கு. உடல் மெலியும் என்று குடிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். க்ரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகளுக்குத் தாவவே வேண்டாம். ஈஜிசிஜி (EGCG) என்ற கேட்டச்சின் வகைச் சத்தை நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுப்பது கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. டம்ளரில் குடிக்கும் டீக்குப் பொதுவாக அந்தப் பயம் இல்லை.

அடித்ததும் குடித்துவிடுவதே நல்லது. மூடி வைத்தால் அடியில் சாறும் மேலே நுரையும் சக்கையுமாகப் பிரியும். குலுக்கினால் சேர்ந்துவிடும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வேலைக்கு எடுத்துப்போவதென்றால் நன்றாகக் கழுவிய ஸ்டீல் பிளாஸ்க்கில் இரண்டு டீ ஐஸ் கூடுதலாகப் போட்டு, மதியத்துக்குள் குடித்துவிடுங்கள். போட்டு வைத்த டீ மட்டும் என்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். டீ ஐஸை டிரேயிலிருந்து எடுத்து மூடிய டப்பாவில் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். டப்பா அவசியம், திறந்து வைத்தால் பக்கத்தில் இருக்கும் வஞ்சிரத்தின் வாசனை ஐஸில் ஏறிவிடும்.